கடலோரக் காற்றில் கராஜ் கதவு ரப்பர்: மூன்று ஆண்டுக்குப் பிறகு

சிங்கப்பூரில் சிக்லாப் பக்கம் தரைவீட்டில் இருப்பவர்களுக்குக் கடல் கண்ணில் படாது. நடுவில் விரைவுச்சாலையும் அடுக்குமாடிகளும் நிற்கின்றன. ஆனாலும் உப்புக்காற்று வந்து சேர்ந்துவிடும். எங்கள் கராஜ் கதவின் அடி ரப்பர், பக்க ரப்பர் எல்லாவற்றையும் மாற்றி மூன்று ஆண்டுக்கு மேலாகிறது. மூடிய கராஜ் வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

பழையது பிவிசி. அதற்கு மென்மை தருகிற சேர்மானம் வெயிலில் மெல்ல வெளியேறிவிடும். அப்புறம் பட்டை விறைத்துப்போய்த் தரையோடு படியாது. அதிகாலையில் சுமத்ரா தீவுப் பக்கமிருந்து வரும் பலத்த காற்று மழையோடு அடிக்கும்போதெல்லாம் கதவடியில் தண்ணீர் புகுந்தது, மூலை இடுக்கில் கரப்பான் வந்தது. புதிதாகப் போட்டது இபிடிஎம் என்கிற செயற்கை ரப்பர். ஓசோனையும் புற ஊதாக் கதிரையும் நன்றாகத் தாங்கும். கார் கதவு ஓரங்களில் பெரும்பாலும் இருப்பதும் இதுதான். இன்றைக்கும் கட்டைவிரலால் அழுத்திவிட்டால் உடனே எழும்புகிறது. மேலே லேசாகச் சாம்பல் பூத்திருக்கிறது, வெடிப்பு இல்லை.

ஆனால் கடலோரத்தில் ரப்பரைவிட, அதைப் பிடித்திருக்கும் ரெயில் என்கிற அலுமினியச் சட்டத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பழையதைக் கழற்ற வந்த புதுக்கோட்டைத் தம்பி இழுத்துப் பார்த்துவிட்டு, “சார், ரப்பர் எங்க போச்சு? உள்ள அலுமினியம்தான் பொரிஞ்சு கெடக்கு” என்றார். அடி ரப்பரின் மேல்விளிம்பு நுழையும் பள்ளம் முழுக்க வெள்ளைப் பொடி இறுகிப்போய், பட்டை நகரவே இல்லை. துத்தநாக முலாம் பூசிய திருகுகளோ தலை கரைந்து, சுற்றிலும் துருக்கறை. வெளிப்பக்கத்தை மழை கழுவிவிடுகிறது. மழை படாத உள்பள்ளத்தில் உப்பு தங்கி, ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு அரிக்கிறது. அதனால் ரெயிலையும் சேர்த்தே மாற்றினோம். திருகுகள் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு. வழக்கமான 304 ரக எஃகைவிட விலை கூடுதல், ஆனால் 316-இல் இருக்கும் மாலிப்டினம் என்கிற உலோகம் உப்பைத் தாங்க உதவும். அலுமினியத்தில் எஃகு நேராகப் படாமலிருக்க, ஒவ்வொரு திருகுக்கும் நைலான் வாஷர் கேட்டு வாங்கிப் போடச் சொன்னேன். திருகுகள் இன்னும் கறை இல்லாமல் இருக்கின்றன. கூடுதலாகக் கொடுத்த காசில் எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை.

பட்டையைச் சோப்புத் தண்ணீர் தடவி நுழைத்தால் சுலபமாகப் போகும். இழுத்து நீட்டி நுழைக்காதீர்கள், பிறகு சுருங்கி மூலையில் இடைவெளி விடும். இரண்டு பக்கமும் இரண்டு விரல் அகலம் மிச்சம் விட்டு வெட்டுவது நல்லது. கிரீஸ், பெட்ரோலிய எண்ணெய் எதுவும் வேண்டாம், இபிடிஎம் ஊதிப்போகும். சிலிகான் ஸ்பிரே போதும். மற்றபடி பராமரிப்பு என்றால், ரப்பர் குழாயில் நல்ல தண்ணீர் பிடித்து ரெயிலின் உள்பக்கத்தை அவ்வப்போது கழுவுவதுதான். சரி, கொஞ்சம் வேலைதான், ஆனால் விடாமல் செய்ய வேண்டியது.

தரையில் ஒட்டுகிற ரப்பர் வரப்பும் வைத்தோம். இதை எல்லோருக்கும் சொல்ல மாட்டேன். வெளியே இருந்து வரும் மழைநீரை நிறுத்துகிறது, உண்மை. அதே வரப்பு, நனைந்த காரிலிருந்து சொட்டும் தண்ணீரையும் வெளியே போகவிடாமல் உள்ளே தேக்கிவிடும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரமே போதும் என்பதால், மழை நாட்களில் தவறாமல் துடைத்துவிடுகிறோம். தரை உள்நோக்கிச் சரிந்திருந்தால் மட்டும் வையுங்கள். சமதளம் என்றால் அகலமான அடி ரப்பரே போதும்.

இப்போது தேய்ந்திருப்பது கடல் பக்கம் பார்த்த பக்க ரப்பரின் கீழ்முனை. கதவு ஏறி இறங்கும்போது உரசுகிற இடம். டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்குள் அந்த ஒரு பட்டையை மட்டும் மாற்றப்போகிறேன். அடி ரப்பர் அப்படியே இருக்கட்டும்.