புது வீட்டில் ஓவன் வைப்பதற்கு முன்னால் பரணில் இருக்கும் ஜங்ஷன் பாக்ஸைத் திறந்து பாருங்கள்

திருவையாற்றுக்குப் பக்கத்தில் வீடு கட்டிக் குடிவந்து இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. அந்த வீட்டின் சமையலறையில், ஊரெல்லாம் ஏழூர்ப் பல்லக்குக்காகக் காத்திருந்த நாளில், என் அக்கா மகனுக்கு ஷாக் அடித்தது. அரை மணி நேரம் கழித்துப் பரணிலிருந்து புகை வந்தது. யாருக்கும் உயிர்ச் சேதம் இல்லை. ஆனால் அது எங்கள் அதிர்ஷ்டம்தான். அதனால்தான் நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

எனக்குக் கேக் செய்வதில் ஆசை அதிகம். வாடகை வீட்டில் குக்கரில் மணல் போட்டு ரவை கேக் செய்துகொண்டிருந்தவள் நான். சொந்த வீட்டில் ஒரு ஓவன் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நாலு வருஷமாகச் சேர்த்து வைத்தேன். வீட்டுக்குத் திட்டம் போட்டபோதே மேஸ்திரியிடமும், அவர் கூட்டிவந்த எலக்ட்ரிக் கான்ட்ராக்டரிடமும் தெளிவாகச் சொன்னேன்: ஓவனுக்குத் தனி லைன், இண்டக்‌ஷன் அடுப்புக்குத் தனி லைன், இரண்டுக்கும் 4 ஸ்கொயர் (4 சதுர மில்லிமீட்டர் தடிமன்) வயர், 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட். "அதெல்லாம் கவலையே படாதீங்க அக்கா, ஏசி போட்டாலும் தாங்குற மாதிரி இழுத்துத் தர்றேன்" என்றார் கான்ட்ராக்டர். சமையலறை பவர் லைனுக்கு மட்டும் 4 ஸ்கொயர் வயர் 3 காயில் என்று வாட்ஸ்அப்பில் கணக்கு அனுப்பினார். கேட்டதைக் கொடுத்தோம். வேலை முடிந்ததும் வீட்டுக்காரர் பிளக் பாயிண்ட் தகட்டைக் கழற்றிக் காட்டச் சொன்னார். உள்ளே தடியான வயர்தான் இருந்தது. வீட்டின் எல்லா லைனும் பிரிந்து போகும் டி.பி. பாக்ஸையும் திறந்து காட்டினார், அங்கேயும் தடியான வயர்தான். இதற்கு மேல் நாங்கள் என்ன பார்க்க முடியும்?

தை மாதம் கிரகப்பிரவேசம் முடிந்து, மாசியில் ஓவன் வாங்கினேன். 2000 வாட் ஓ.டி.ஜி. (ஓவன், டோஸ்டர், கிரில் மூன்றும் சேர்ந்தது). முதல் வாரத்திலேயே எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. 180 டிகிரியில் 40 நிமிஷத்தில் வேக வேண்டிய கேக் ஒரு மணி நேரம் ஆகியும் நடுவில் கூழாக இருக்கும். என் கைதான் சரியில்லை என்று நினைத்தேன். பேக்கிங் பவுடரை மாற்றினேன், தயிர் அளவைக் குறைத்தேன், ஓவனுக்குள் வைக்கும் தெர்மாமீட்டர் வாங்கினேன். ஒன்றுக்கும் பலனில்லை. ஓவன் சூடேறும்போதெல்லாம் ஹால் லைட் ஒரு நொடி மங்கும். ஒரு மணி நேரம் ஓடினால் பிளக் பாயிண்டின் தகடு கையில் சுடும். இதையெல்லாம் கான்ட்ராக்டரிடம் போனில் சொன்னபோது, "வெயில் காலத்துல வோல்டேஜ் இப்படித்தான் இருக்கும் அக்கா" என்றார். நம் பக்கத்தில் கோடையில் வோல்டேஜ் குறைவது உண்மை என்பதால் நானும் நம்பிவிட்டேன்.

பங்குனி கடைசியில் ஓவன் கதவைத் திறக்கும்போது விரலில் சுருக்கென்றது. மறுபடியும் கூப்பிட்டேன். அவர் சொன்ன பதில் அப்படியே ஞாபகம் இருக்கிறது: "புது வீட்ல சுவரு ஈரமா இருக்கும் அக்கா, காஞ்சா போயிடும். அதுவரைக்கும் செருப்பு போட்டுக்கிட்டு வேலை பாருங்க." அன்றைக்கே வேறொருவரைக் கூப்பிட்டுக் காட்டியிருக்க வேண்டும். காட்டாமல் விட்டது என் தப்பு. அதை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

சித்திரை மாதம் ஏழூர்த் திருவிழா. திருவையாற்றிலிருந்து ஐயாறப்பர் பல்லக்கு திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் என்று சுற்றித் திரும்பிவரும். பல்லக்கில் வரும் சுவாமிக்குப் பொம்மை பூப்போடுவதைப் பார்க்கவென்றே சொந்தக்காரர்கள் வருவார்கள். இந்த வருஷம் புது வீட்டுக்கு வாருங்கள் என்று நானே ஒவ்வொருவருக்கும் போன் செய்து அழைத்தேன். இருபது பேருக்கு மேல் வந்தார்கள். கடையில் வாங்கிய அசோகா இருந்தது, பானகமும் நீர்மோரும் தெருவில் வருகிறவர்களுக்கும் சேர்த்துப் பெரிய பாத்திரத்தில் கரைத்திருந்தோம். குழந்தைகளுக்காக மாம்பழ ரவை கேக் நாலு தட்டு என்று திட்டம். அந்த வெயிலில் க்ரீம் வைத்தால் பத்து நிமிஷத்தில் வழிந்துவிடும், அதனால் மேலே பூச்சு எதுவும் இல்லாத கேக்தான் சரி என்று முடிவு செய்திருந்தேன். காலை ஐந்து மணிக்கே ஓவனைப் போட்டேன். பக்கத்தில் இண்டக்‌ஷன் அடுப்பில் பால், காபிக்கு வெந்நீர் என்று மாறி மாறி ஓடியது.

மூன்றாவது தட்டு உள்ளே இருந்தபோது அக்கா மகன் கேக்கை எட்டிப் பார்க்க வந்தான். ஆறு வயசு. தரையில் நீர்மோர் சிந்தியிருந்தது, காலில் செருப்பு இல்லை. ஓவன் ஓரத்தில் கை வைத்தவன் அலறிக்கொண்டு பின்னால் விழுந்தான். "சித்தி, ஓவன் கடிக்குது" என்றான். அவனைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு ஓடினேன். கைவிரல் சிவந்திருந்தது, பேச்சு சரியாக இருந்தது, உடனே டாக்டரிடம் கூட்டிப்போனோம். இந்த அவசரத்தில் ஓவனை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. நாங்கள் திரும்பிவருவதற்குள் அத்தை மட்டும் ஏதோ பிளாஸ்டிக் கருகும் வாசனை வருகிறது என்று சொல்லியிருக்கிறார். பரணில் அடுக்கிவைத்திருந்த அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து புகை. வீட்டுக்காரர் மெயினை அணைத்தார். அட்டைப்பெட்டி ஒன்றின் ஓரம் பழுப்பாகியிருந்தது. இன்னும் கால் மணி நேரம் போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எழுதக்கூட எனக்கு மனசு வரவில்லை.

மறுநாள் தஞ்சாவூரிலிருந்து வேறொரு எலக்ட்ரீஷியன் தம்பி வந்தார். பரணில் இருந்த, வயர்களை இணைக்கும் ஜங்ஷன் பாக்ஸின் மூடி உருகித் தொங்கியது. அதைப் பிரித்ததும் எல்லாம் வெளியே வந்தது. பிளக் பாயிண்டிலிருந்து வந்த தடியான வயர் அந்தப் பெட்டிக்குள் ஒரு முழத்தோடு முடிந்துவிட்டது. அங்கே அதை மெல்லிய 1.5 ஸ்கொயர் வயரோடு முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். டி.பி. பாக்ஸ் பக்கமும் அதே வேலை. நாங்கள் திறந்து பார்க்கக்கூடிய இரண்டு முனைகளிலும் மட்டும் 4 ஸ்கொயர் துண்டு, நடுவில் சுவருக்குள் முழுக்க லைட்டுக்குப் போடும் வயர். தனி லைன் என்றதும் பொய். ஓவன், இண்டக்‌ஷன் இரண்டும் அந்த ஒரே மெல்லிய வயரில் தொங்கிக்கொண்டிருந்தன.

அந்தத் தம்பி பொறுமையாகக் கணக்குச் சொன்னார். 2000 வாட் ஓவன் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். இண்டக்‌ஷனும் அதே அளவு. இரண்டும் சேர்ந்தால் 17க்கு மேல். மெல்லிய வயர், அதிலும் முறுக்கிய ஜாயிண்ட், அவ்வளவு கரண்டை மணிக்கணக்கில் தாங்காது. சரி, கரண்ட் அளவு மீறினால் தானாக விழுந்து லைனைத் துண்டிக்கும் எம்.சி.பி. சுவிட்ச் ஏன் விழவில்லை என்று கேட்டேன். அந்த வயருக்கு 10 ஆம்பியர் எம்.சி.பி. போட வேண்டும், மிஞ்சினால் 16. எங்கள் வீட்டில் 32 போட்டிருந்தார்கள். சின்னது போட்டால் அடிக்கடி விழும், விழுந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால் வயர் கருகினாலும் விழாத ஒன்றைப் போட்டுவிட்டார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது இந்த இடத்தில்தான். வயரில் காசு அடித்தது ஒரு திருட்டு. அதை மறைப்பதற்காக வீட்டின் பாதுகாப்பையே எடுத்துவிட்டது எந்த வகையில் சேர்த்தி?

கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் எர்த் இதைவிட மோசம். பிளக் பாயிண்டில் பச்சை வயர் இருந்தது, ஆனால் டி.பி. பாக்ஸில் அது எதிலும் சேராமல் மடித்துவிடப்பட்டிருந்தது. கொல்லையில் எர்த் குழி என்று காட்டிய இடத்தில் உப்பும் கரியும் போடாமல் வெறும் பைப்பை அடித்திருந்தார்கள். ஆற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீர் இல்லாத மாதங்களில் நம் களிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அந்தக் காய்ந்த மண்ணில் சரியாகப் போட்ட எர்த்தே தண்ணீர் ஊற்றினால்தான் வேலை செய்யும். கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று இருந்திருந்தால் குழந்தை கை வைத்த கணமே கரண்ட் நின்றிருக்கும் என்றார் அந்தத் தம்பி. அதற்கும் எங்களிடம் காசு வாங்கியிருந்தார்கள்.

என் கேக் வேகாத கதைக்கும் அன்றைக்குத்தான் பதில் கிடைத்தது. வோல்டேஜ் 230க்குப் பதில் 200 வந்தால் ஓவனின் சூடு 2000 வாட்டிலிருந்து சுமார் 1500 வாட்டுக்கு இறங்கிவிடுமாம். கோடையில் ஏற்கெனவே குறைந்து வருவதை மெல்லிய வயரும் மோசமான ஜாயிண்டும் இன்னும் குறைத்திருக்கின்றன. புது லைன் இழுத்த பிறகு அதே ஓவனில், அதே அளவில், 40 நிமிஷத்தில் கேக் நன்றாக வெந்து வருகிறது.

கான்ட்ராக்டரைக் கூப்பிட்டோம். முதலில், "வீட்ல பேக்கரி வச்சா ஓவர்லோடு ஆகத்தான் செய்யும்" என்றார். கருகிய ஜாயிண்டின் போட்டோவை அனுப்பியதும், "மேஸ்திரி குடுத்த ரேட்டுக்கு அவ்வளவுதான் முடியும்" என்றார். மேஸ்திரியோ அது என் வேலை இல்லை என்று ஒதுங்கிக்கொண்டார். அதற்கப்புறம் இருவருமே போனை எடுப்பதில்லை. வயரிங் செய்வதற்கான உரிமமே அந்தக் கான்ட்ராக்டரிடம் இல்லை என்பதும் பிறகுதான் தெரிந்தது.

பில் எதுவும் தரவில்லை, வெறும் தாளில் எழுதிய கணக்குதான். ஆனால் அந்த வாட்ஸ்அப் கணக்கும் ஜிபே வழியாகப் பணம் போன பதிவுகளும் எங்களிடம் இருந்தன. நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசினோம், பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினோம், பிறகு தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, குறை ஏற்பட்ட நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். வயரை மாற்ற ஆன செலவு முழுவதையும் கேட்டிருக்கிறோம். சுவருக்குள் வயர் போகும் பைப் நன்றாக இருந்ததால் ஒரே ஒரு இடத்தில்தான் சுவரை உடைக்க வேண்டியிருந்தது.

வீடு கட்டுகிறவர்களே, வயரை நீங்களே கடையில் பில்லோடு வாங்குங்கள். வயரின் மேலேயே அளவும் ஐ.எஸ். 694 என்ற இந்தியத் தர எண்ணும் அச்சாகியிருக்கும், படித்துப் பாருங்கள். காலியான காயில் உறைகளை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். வயர் இழுக்கும் நாளில் வீட்டில் ஒருவர் நின்று, ஒவ்வொரு ஜங்ஷன் பாக்ஸையும் மூடுவதற்கு முன் போட்டோ எடுக்க வேண்டும். பவர் லைனில் நடுவில் ஜாயிண்டே இருக்கக் கூடாது. ஏற்கெனவே குடியேறிவிட்டவர்கள், வேலை செய்தவரையே கூப்பிடாமல் வேறொருவரை அழைத்து, மெயினை அணைத்துவிட்டுப் பரணில் இருக்கும் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள், எர்த்தையும் சோதிக்கச் சொல்லுங்கள். லைட் மங்கினாலும், தகடு சுட்டாலும், விரலில் சுருக்கென்றாலும் அன்றைக்கே காட்டுங்கள்.

இரண்டு தெரு தள்ளி அதே கான்ட்ராக்டர் இன்னொரு வீட்டுக்கு வேலை எடுத்திருக்கிறார் என்று போன வாரம் கேள்விப்பட்டேன். பைப் புதைத்துப் பூச்சு முடிந்து, வயர் இழுக்க ஆள் வரவேண்டிய நேரம். கருகிய ஜாயிண்டை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அந்த வீட்டு அம்மாவுக்கு என்னை அறிமுகமே இல்லை. பையைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பிறகு தன் மாமனாரைக் கூப்பிட்டார். மறுநாள் அவர்களே தஞ்சாவூருக்குப் போய் வயர் வாங்கிவந்துவிட்டார்கள்.