பாய்மரக் கப்பல் மாதிரி: கொங்குச் சீமையில் பல கோடை கடந்த பிறகு

மரத்தில் கட்டிய மாதிரிக் கப்பலின் தரம் கட்டி முடித்த அன்றைக்குத் தெரியாது. நாலைந்து சித்திரை வெயிலும் நாலைந்து ஐப்பசி அடைமழையும் பட்ட பிறகுதான் எந்தப் பசை பிடித்து நின்றது, எந்தப் பலகை வாய் பிளந்தது, எந்தக் கயிறு தொய்ந்தது என்பதெல்லாம் தெரியவரும். கோவை, திருப்பூர், ஈரோடு வீடுகளில் ஆண்டுக்கணக்காக நிற்கும் கப்பல்களை வைத்து இதை எழுதுகிறோம். எல்லாம் 1:64, 1:72 அளவில் (அசலில் 64இல், 72இல் ஒரு பங்கு), குறுக்குப் பலகைகளின் மேல் பட்டை, அதாவது மெல்லிய நீள மரக் கீற்று, ஒட்டிக் கட்டும் முறையில் செய்தவை.

கிட்டில், அதாவது பாகங்கள் அடங்கி விற்கும் பெட்டியில், வருவதில் எது தேறும் என்பதை முதலில் சொல்லிவிடலாம். ஏராக்கட்டையும் (கப்பலின் முதுகெலும்பு) வங்குகளும் (அதன் குறுக்கே விலா போல் நிற்கும் பலகைகள்) லேசரில் வெட்டிய 4 அல்லது 5 மி.மீ. பிளைவுட்டில் வரும். அவற்றில் குறை இல்லை. முதல் அடுக்குக்கான 1.5 மி.மீ. லைம் (லிண்டன்) மரக் கீற்றும் நல்ல பொருள்தான். இரண்டாம் அடுக்குக்கு வரும் அரை மி.மீ. வால்நட் பட்டையில் கால்வாசி வளைக்கும்போதே முறியும். கயிறும் கப்பிகளும் பெரும்பாலும் மாற்றவேண்டியவை. இதை எதிர்பார்த்தே வாங்குங்கள்.

ஏராக்கட்டை கைக்கு வந்ததும் கண்ணாடிப் பலகை மேல் நிறுத்தி, நேராக இருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் ஒரு மி.மீ. வளைந்திருந்தாலும் உட்குழிந்த பக்கத்தில் ஈரத்துணி ஒற்றி, பாரம் வைத்து இரண்டு நாள் விடவேண்டும். வளைவோடு கட்டினால் பிறகு எதைச் செய்தும் நிமிராது. அதேபோல் இடப்பக்கம் ஒரு பட்டை ஒட்டினால் அடுத்தது வலப்பக்கம் என்று மாற்றி மாற்றித்தான் போகவேண்டும். ஒரே பக்கமாக ஆறேழு பட்டை ஒட்டினால் பசை காயும் இழுப்பில் உடம்பே வாழைப்பழம் போல வளைந்துவிடும்.

பட்டை ஒட்டுவதில்தான் பலருக்கும் கப்பல் கெடுகிறது. வங்குகளின் ஓரத்தை அணியத்தையும் (முன்முனை) அமரத்தையும் (பின்முனை) நோக்கிச் சாய்வாக ராவியிருக்க வேண்டும். ஒரு பட்டையை வைத்துப் பார்த்தால் அடுத்தடுத்த மூன்று வங்குகளிலாவது முழு அகலமும் உட்கார வேண்டும். நுனி மட்டும் தொட்டால் இன்னும் ராவல் பாக்கி. அடுத்தது கணக்கு. நடுவங்கில் மேல்விளிம்பிலிருந்து ஏரா வரை காகித நாடாவால் அளந்தால் 90 மி.மீ. என்று வையுங்கள். 5 மி.மீ. பட்டை 18 வேண்டும். அணியத்தில் அதே தூரம் 54 மி.மீ. தான் என்றால், அங்கே ஒவ்வொரு பட்டையும் 3 மி.மீ. ஆகக் குறுக வேண்டும். பாதி அகலத்துக்குக் கீழே, அதாவது 2.5 மி.மீ.க்குக் கீழே போகும் நிலை வந்தால் குறுக்காதீர்கள். இரண்டு பட்டையை ஒன்றாக்கி முடித்துவிடுங்கள். இந்தக் கணக்கைப் போடாமல் பட்டையை அதன் போக்கில் விட்டால் அணியத்தில் ஒன்றன் மேல் ஒன்று ஏறும், அமரத்தில் விரிந்து நிற்கும்.

சித்திரையில் வாய் பிளப்பதற்கான முழுக் காரணமும் ஈரம். வளைப்பதற்காக வெந்நீரில் 15, 20 நிமிடம் ஊறிய பட்டை அகலவாக்கில் ஊதியிருக்கும். ஒரு பட்டை 0.1 மி.மீ. ஊதினாலே 18 பட்டைக்கு 1.8 மி.மீ. ஆகிறது. ஈரத்தோடு ஒட்டினால் அந்த 1.8 மி.மீ. பின்னால் இடைவெளியாக வந்தே தீரும். ஊறிய பட்டையை வங்கில் கிளிப் போட்டு வளைத்து, ஒரு ராத்திரி அப்படியே காயவிட்டு, கழற்றி, பிறகு பசை தடவுங்கள். நேரம் இரட்டிப்பாகும்; ஆனால் விரிசல் வராது. காலமும் பார்க்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று அடிக்கும் ஆனி, ஆடியிலும், ஐப்பசி மழையிலும் வெளிப்பலகை ஒட்டாமல் இருப்பது நல்லது. தை, மாசி தான் இந்த ஊருக்குச் சரியான காலம். கிட் எந்த ஊரிலிருந்து வந்தாலும் பட்டைகளைக் கட்டவிழ்த்து, வேலை செய்யும் அறையிலேயே ஒரு மாதம் பரப்பி வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

மரத்துக்கு வருவோம். ஆனைமலைத் தேக்கு கப்பல் கட்டப் போன மரம். மேலிருந்து கட்டைகளைச் சறுக்கி விட்டதால்தான் டாப்சிலிப்புக்கு அந்தப் பெயர். மும்பையில் 1817இல் தேக்கால் கட்டிய ட்ரின்கோமலீ போர்க்கப்பல் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் இன்றும் தண்ணீரில் மிதக்கிறது. அந்தப் பெருமையில் மாதிரிக் கப்பலுக்கும் தேக்கையே தேடுகிறார்கள், அது வேண்டாம். தேக்கின் துளை கால் மி.மீ. வரை இருக்கும். 1:72 அளவில் அது 18 மி.மீ. ஓட்டை. கப்பல் பலகை முழுக்க விரல் நுழையும் ஓட்டை இருந்தால் எப்படியிருக்கும்? எண்ணெய்ப் பசை உள்ள மரம் வேறு. அசிட்டோன் போட்டுத் துடைக்காமல் ஒட்டினால் பசை சரியாகப் பிடிக்காது.

நம் பக்கத்திலேயே இதற்கென்று பிறந்த மாதிரி இரண்டு மரங்கள் உண்டு. ஒன்று வெட்பாலை. சன்னபட்டணத்துப் பொம்மைகள் கடைவது இதில்தான். தந்தம் போன்ற வெண்மை, துளை கண்ணுக்கே தெரியாது, உளிக்கு வெண்ணெய் போல் வரும். தளப் பலகைக்கும் செதுக்கு வேலைக்கும் இதற்கு ஈடு இல்லை. வெட்டியதும் சீக்கிரம் அறுத்து உலர்த்த வேண்டும், இல்லையென்றால் கறை ஏறும். உலர்ந்த பிறகும் பொடிவண்டு விழுந்து உளுத்துவிடக்கூடும் என்பதால் போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த நீரில் ஊறப்போட்டு மறுபடி காயவையுங்கள். மற்றது மஞ்சக்கடம்பு. நூல்மில் பாபின்களுக்குப் பயன்பட்ட மரம். மஞ்சள் நிறம், நெருக்கமான இழை. பாய்மரம், பருமல் (பாயைத் தாங்கும் குறுக்குக் கம்பம்), கப்பி மூன்றுக்கும் ஏற்றது. அணியத்தில் வங்குகளுக்கு இடையே அடைக்கும் கட்டைக்கு மலைவேம்பு போதும்.

பாய்மரத்துக்கு அறுத்த குச்சியைவிடப் பிளந்த குச்சி மேல். இழை நேராக ஓடும். சதுரத்தின் பக்கத்தை 7, 10, 7 என்று 24 பங்காகக் குறித்து மூலை சீவினால் எண்கோணம் சரியாக வரும். அதன்பின் உப்புத்தாள் போதும். செய்த மரத்தைச் சுவரில் சாய்த்து வைக்காமல் நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். ஒரு கோடை சாய்ந்திருந்தாலே வளைந்துவிடுகிறது.

கயிறு விஷயத்தில் பலருக்கும் கிடைக்காத வசதி திருப்பூருக்கும் கரூருக்கும் நடுவில் இருப்பவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. பழைய பாய்க்கப்பலின் சாதாரணக் கயிறுகள் வலமுறுக்கு, அதாவது இசட் முறுக்கு. அப்படி முறுக்க எஸ் முறுக்கு நூல் வேண்டும். தையல் நூல் பெரும்பாலும் இசட் முறுக்கில் முடிந்திருக்கும். அதை வைத்து முறுக்கினால் கயிறு எதிர்ப்புறமாக அமையும், அல்லது முறுக்கு அவிழ்ந்து சிம்புவிடும். தறிக்குப் போகும் இரட்டை இழைப் பருத்தி நூல் பெரும்பாலும் எஸ் முறுக்கு. கோன் வாங்கும் இடத்தில் “எஸ் ட்விஸ்ட்டுங்களா, இசட் ட்விஸ்ட்டுங்களா?” என்று கேட்டாலே போதும், பின்னலாடை ஊரில் அதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சந்தேகம் இருந்தால் நூலைச் செங்குத்தாகப் பிடித்து லென்ஸில் பாருங்கள். இழை வலது மேலிருந்து இடது கீழே சாய்ந்தால் இசட், இடது மேலிருந்து வலது கீழே சாய்ந்தால் எஸ்.

மூன்று புரி சேர்ந்த கயிறின் குறுக்களவு ஒரு புரியைப் போல ஏறத்தாழ 2.15 மடங்கு. 0.3 மி.மீ. புரி மூன்று முறுக்கினால் 0.65 மி.மீ. கயிறு. முறுக்கும்போது மூன்றில் ஒரு பங்கு நீளம் போகும் என்று வைத்து, ஒரு மீட்டர் வேண்டுமானால் ஒன்றரை மீட்டர் இழுங்கள். பழைய ஆவணங்களில் கயிறு அளவு என்பது சுற்றளவு. 18 அங்குலம் என்று இருந்தால் குறுக்களவு சுமார் 145 மி.மீ., 1:72க்கு 2 மி.மீ. இது தெரியாமல் 18 அங்குலத்தையே குறுக்களவாக எடுத்து மூன்று மடங்கு தடித்த கயிறு கட்டிய கப்பல்களும் இருக்கின்றன.

பருத்தி நூலைச் சாராய விளக்கின் மேல் வேகமாக ஓட்டினால் பிசிர் கருகிப் போகும். பாலியஸ்டரை அப்படிச் செய்தால் முடிச்சு முடிச்சாக உருகும். ஆனால் நாள்பட நிற்பதில் பாலியஸ்டரே மேல். பருத்திக் கயிறு ஈரத்தில் சுருங்கும், வறட்சியில் தளரும். சித்திரையில் விறைப்பாகக் கட்டியது ஐப்பசியில் மேல்பாய்மரத்தையே பின்னால் இழுத்து வளைத்ததுண்டு. பருத்திதான் வேண்டுமென்றால் புரட்டாசியில், கை அழுத்தினால் சற்றே அசையும் அளவுக்குக் கட்டுங்கள். தேன்மெழுகு விரலில் ஒட்டும் அளவுக்கு மட்டும். தடித்துப் பூசினால் ஓட்டு வீட்டுச் சூட்டில் இளகி ஆடிக்காற்றுப் புழுதியெல்லாம் அதில் அப்பிக்கொள்ளும்.

பசையில் வெள்ளை மரப்பசை, ஃபெவிகால் எஸ்ஹெச் போன்றவை, எத்தனை கோடை போனாலும் விடவில்லை. சயனோ பசை (சூப்பர் குளூ) சட்டென்று பிடிக்கும், அதிர்ச்சி பட்டால் சட்டென்று விடும். ஈரமான நாளில் சுற்றிலும் வெண்புகை படியும். கயிற்றில் பட்ட இடம் கறுத்து விறைக்கும். கயிறு முடிச்சுக்கு நீர்த்த மரப்பசை ஒரு சொட்டு போதும். பூச்சுக்கு ஷெல்லாக் (அரக்கு), ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 100 கிராம், மூன்று கை. பாலியூரித்தேன் பூசியவை மஞ்சளித்து பிளாஸ்டிக் பொம்மை போல் ஆகிவிட்டன.

கண்ணாடிப் பெட்டி இல்லாமல் இந்தச் சீமையில் கப்பல் வைக்கவே கூடாது. ஏணிப்படிக் கயிறுகளில் படியும் புழுதியைத் துலக்கும்போது கயிறுதான் அறும். 4 மி.மீ. கண்ணாடி நல்லது, அக்ரிலிக் தூசியை இழுக்கும். பெட்டியை முழுக்க மூடி அடைக்காமல், அடிப்பலகையில் வலை ஒட்டிய நாலு துளை விடுங்கள். எம்டிஎஃப்பிலிருந்தும் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) சில மரங்களிலிருந்தும் வரும் அமில ஆவி உள்ளே தங்கினால் ஈயம் கலந்த வார்ப்புப் பீரங்கிகளும் நங்கூரமும் வெள்ளை பூக்கும். அப்படிப் பூத்திருந்தால் வெறுங்கையால் துடைக்கவோ ஊதவோ வேண்டாம், அது ஈய உப்பு. கையுறை போட்டுக் கழற்றி எடுத்துவிட்டு, பித்தளையில் கடைந்த பீரங்கி வையுங்கள். கோவையின் சின்னச் சின்ன லேத் பட்டறைகளில் வரைபடம் கொடுத்தால் 40 மி.மீ. நீளப் பீரங்கியைக் கடைந்து தருவார்கள். வாயில் 2 மி.மீ. துளை போடச் சொல்ல மறந்துவிடாதீர்கள்.