தொழில்முனைவு படிக்க எந்த நாடு? அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி: ஓர் ஒப்பீட்டு அலசல்

தொழில்முனைவும் தொழில்நுட்பமும் சேர்த்துப் படிக்க வெளிநாடு போகிறவர்கள் முதலில் தரவரிசையைப் பார்க்கிறார்கள், அடுத்து கட்டணத்தை. பாடத்திட்டத்தைப் பொறுத்தவரை மூன்று நாடுகளிலும் பெரிய வேறுபாடு கிடையாது. வாடிக்கையாளர் நேர்காணல், மாதிரிப் பொருள், நிதிக் கணக்கு, முதலீட்டாளர் முன் பத்து நிமிடப் பேச்சு என்றுதான் எங்கும் ஓடும். சொந்த நிறுவனத்தில் என்றைக்குச் சட்டப்படி உழைக்கத் தொடங்கலாம், எத்தனை மாதம் தாக்குப்பிடிக்கலாம் என்ற கேள்விகளில்தான் நாடுகள் பிரிகின்றன. குடியேற்ற விதிகள் அடிக்கடி மாறுவதால், விண்ணப்பிக்கும் வாரத்தில் அந்தந்த அரசின் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

படிக்கும் காலத்தில்

மூன்றில் கறாரானது பிரிட்டன். மாணவர் விசாவில் பட்டப்படிப்பு மாணவர் பருவ நாட்களில் வாரம் 20 மணி நேரம் வரை பிறரிடம் வேலை பார்க்கலாம்; படிப்பை முடிக்கும்வரை சொந்தத் தொழில் கூடாது. சொந்தத் தொழில் என்பதற்கு உள்துறை தரும் விளக்கமும் அகலமானது. 10 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருக்கும் நிறுவனத்தில் வேலை செய்வதும், இயக்குநராகப் பெயர் கொடுப்பதும் அதற்குள் வந்துவிடும். ஆனால் கம்பெனிஸ் ஹவுஸ் எனப்படும் அரசு நிறுவனப் பதிவகத்தின் தளத்தில் நிறுவனம் பதிவது எளிது, அது உங்கள் விசாவைக் கேட்பதுமில்லை. பலர் மாட்டுவது இங்கேதான். அந்தப் பதிவேடு எல்லோரும் பார்க்கக்கூடியது. பின்னாளில் வேறு விசா கேட்கும்போது இயக்குநரான தேதி அப்படியே நிற்கும். இணையம்வழி ஃப்ரீலான்ஸ் கோடிங் செய்வதும் சுயதொழில்தான்.

அமெரிக்காவின் எஃப்-1 மாணவர் விசாவில் நிறுவனத்தைப் பதிவு செய்யலாம், பங்கு வைத்திருக்கலாம், திட்டம் தீட்டலாம். அதில் உழைக்க மட்டும் அனுமதி வேண்டும். முதல் கல்வியாண்டு முடிந்ததும், ஓபிடி எனப்படும் 12 மாத வேலை அனுமதியில் ஒரு பகுதியைப் படிப்பின் நடுவிலேயே எடுக்க முடியும். பகுதி நேரமாக எடுத்தால் பாதிக் கணக்கில் கழியும்: ஆறு மாதம் உழைத்தால் மூன்று மாதம் போகும். பாடத்திட்டத்தோடு இணைந்த பயிற்சி வேலைக்கான சிபிடி அனுமதியை முழு நேரமாக 12 மாதம் பயன்படுத்தினால், அந்தப் பட்ட நிலைக்கான ஓபிடி மொத்தமாகப் போய்விடும். விவரம் தெரிந்தவர்கள் பதினோரு மாதத்தோடு நிறுத்திக்கொள்வார்கள்.

ஜெர்மனியில் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். சொந்தத் தொழிலுக்கு வெளிநாட்டவர் அலுவலகத்தில் தனி அனுமதி வாங்க வேண்டும். அனுமதி கைக்கு வருவதற்கு முன் ஒரு விலைச்சீட்டுகூட எழுதக் கூடாது.

பட்டம் வாங்கியபின்

அமெரிக்கக் கணக்கு பட்டத்தின் பெயரிலிருந்தே தொடங்குகிறது. ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் உள்ள படிப்பு என்றால் ஓபிடி 12 மாதத்தோடு மேலும் 24 மாதம் கிடைக்கும். தொழில்முனைவு என்ற பெயரிலேயே இருக்கும் பட்டத்தின் குறியீடு, 52.0701, அந்தப் பட்டியலில் இல்லை. பொறியியல் மேலாண்மையும் (15.1501) மேலாண்மை அறிவியலும் (52.1301) இருக்கின்றன. வகுப்பறையில் படிக்கும் விஷயம் பாதிக்குமேல் ஒன்றாக இருந்தாலும், பல்கலை தரும் ஐ-20 சேர்க்கைப் படிவத்தில் அச்சாகும் ஆறு இலக்க எண் இரண்டு ஆண்டுகளைத் தரும் அல்லது பறிக்கும். சேர்க்கைக் கடிதம் வந்ததும் முதலில் கேட்க வேண்டியது அந்த எண்ணைத்தான்.

முதல் 12 மாதத்தில் சொந்த நிறுவனத்தில் தாராளமாக உழைக்கலாம். தொழில் படித்த துறையோடு தொடர்புடையதாகவும், உழைப்பு முழு நேரமாகவும், உரிமங்கள் சரியாகவும் இருந்தால் போதும். ஓபிடிக்குப் படிப்பு முடியும் தேதிக்கு 90 நாள் முன்பிருந்து 60 நாள் பின்புவரை விண்ணப்பிக்கலாம். வேலையில்லாத நாட்கள் 90-ஐத் தாண்டக் கூடாது. சும்மா யோசித்துக்கொண்டிருந்த வாரங்களும் இதில் சேரும் என்பதால், செய்த வேலைக்குத் தேதியிட்ட ஆவணம் வைத்திருப்பது நல்லது.

அடுத்த 24 மாதத்தில்தான் தனி நிறுவனர்கள் தடுக்கி விழுகிறார்கள். ஊழியரின் வேலைத் தகுதியை இணையத்தில் சரிபார்க்கும் அரசின் ஈ-வெரிஃபை முறையில் நிறுவனம் சேர்ந்திருக்க வேண்டும், ஐ-983 பயிற்சித் திட்டத்தில் முதலாளியின் சார்பில் வேறொருவர் கையெழுத்திட வேண்டும், சம்பளம் அதே வேலை செய்யும் அமெரிக்கர் வாங்கும் அளவுக்கு ஒத்திருக்க வேண்டும். தனக்குத் தானே மேற்பார்வையாளராக இருக்க முடியாது. ஆகவே உண்மையான அதிகாரமுள்ள ஒரு கூட்டு நிறுவனரை முதல் ஆண்டுக்குள்ளேயே சேர்த்திருக்க வேண்டும். அதன்பின் எச்-1பி வேலை விசாவுக்கான குலுக்கல். 2025 ஜனவரி 17 முதல் பெரும்பங்கு உரிமையாளரும் தன் நிறுவனத்தின் வழியே அதைக் கேட்கலாம்; ஆனால் முதல் அனுமதியும் முதல் நீட்டிப்பும் தலா 18 மாதத்துக்கு மிகாது.

படிப்பு முடித்தவர்களுக்குப் பிரிட்டன் தரும் கிராஜுவேட் விசா இதைவிட நேரானது. வேலையோ சுயதொழிலோ, யாரும் கேட்பதில்லை. 2026 இறுதிவரை விண்ணப்பிப்பவர்களுக்கு இரண்டு ஆண்டு, 2027 ஜனவரி 1 முதல் 18 மாதம். பிஎச்டிக்கு மட்டும் மூன்று ஆண்டு. நீட்டிப்பு கிடையாது. அங்கே முதுகலை பெரும்பாலும் ஓராண்டுதான் என்பதையும் கூட்டிப் பாருங்கள்: 18 மாதக் கணக்கில், விமானம் இறங்கிய நாளிலிருந்து மொத்தம் இரண்டரை ஆண்டு சொச்சம். அதற்குள் நிறுவனர்களுக்கான இன்னோவேட்டர் ஃபவுண்டர் விசாவுக்கு மாற வேண்டும். 2023 ஏப்ரலில் அது வந்தபோது, முன்பிருந்த 50,000 பவுண்டு முதலீட்டு நிபந்தனை நீங்கியது. பணத்துக்குப் பதில் இப்போது தொழில் யோசனையை எடைபோட்டு அங்கீகரிக்கும் அமைப்பின் சம்மதம் வேண்டும்: மதிப்பீட்டுக்கு 1,000 பவுண்டு, பிறகு நடக்கும் கண்காணிப்புச் சந்திப்பு ஒவ்வொன்றுக்கும் 500. யோசனை புதியதா, நடக்கக்கூடியதா, பெருகக்கூடியதா என்ற மூன்று கேள்வியில் முதலாவதில்தான் ஆலோசனை நிறுவனங்களும் சாதாரண செயலிகளும் அடிபடுகின்றன.

ஜெர்மனி படிப்புக்குப்பின் 18 மாதம் தருகிறது, எந்த வேலையும் செய்யலாம். அதைவிட முக்கியமானது வசிப்புரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவிலுள்ள 2அ உட்பிரிவு. ஜெர்மன் பல்கலைப் பட்டதாரி, படித்த துறையோடு தொடர்புள்ள தொழில் தொடங்கினால், வெளியிலிருந்து வருபவர் நிரூபிக்க வேண்டிய பொருளாதாரத் தேவை போன்ற நிபந்தனைகள் அவருக்கு இல்லை. இதைப் பற்றி விளம்பரப் புத்தகங்கள் ஏனோ பேசுவதில்லை. பொறுமையும் ஆழமான தொழில்நுட்பமும் உள்ளவருக்கு மூன்றில் இதுவே சிறந்த விசா ஏற்பாடு என்பது எங்கள் கணிப்பு. விரைவாகப் பெரிய முதலீடு தேவைப்படும் மென்பொருள் நிறுவனத்துக்கு, எல்லாத் தொல்லையோடும் அமெரிக்காதான்.

பதிவும் முதல் பணமும்

அமெரிக்காவில் எஸ்-கார்ப் என்ற நிறுவன வகை வேண்டாம். வரிக் கணக்கில் வெளிநாட்டவராக இருப்பவர் அதில் பங்குதாரராக முடியாது, எஃப்-1 மாணவர் பொதுவாக முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகள் அப்படித்தான் கணக்கிடப்படுகிறார். முதலீட்டாளர்கள் எதிர்பார்ப்பது டெலவேர் மாநிலத்தில் பதிந்த சி-கார்ப் வகை நிறுவனம். நிறுவனர் பங்குகள் ஆண்டுவாரியாக உறுதியாகும் ஏற்பாடு என்றால், பங்கு உங்கள் பெயருக்கு மாறிய 30 நாளுக்குள், வரியை இப்போதைய மதிப்பிலேயே கணக்கிடச் சொல்லும் 83(பி) படிவத்தை வரித்துறைக்கு அனுப்ப வேண்டும். தவறினால் பிறகு சரிசெய்ய வழியில்லை. பங்கு உறுதியாகும் ஒவ்வொரு முறையும் அன்றைய மதிப்புக்கு வரி வரும்.

பிரிட்டனில் தொடக்கநிலை நிறுவனங்களுக்கான எஸ்இஐஎஸ் திட்டம் முதலீட்டாளருக்கு 50 சதவீத வருமான வரிச் சலுகை தருகிறது, ஒரு நிறுவனம் இதன்வழி 2,50,000 பவுண்டு வரை திரட்டலாம். முன்கூட்டிய ஒப்புதல் கடிதத்தை வரித்துறையிடம் வாங்கிவிட்டு முதலீட்டாளரைச் சந்தித்தால் பேச்சு சுருங்கும்.

ஜெர்மனியில் ஜிஎம்பிஹெச் எனப்படும் வரையறுத்த பொறுப்புள்ள நிறுவனத்துக்கு 25,000 யூரோ மூலதனம், பதிவின்போது 12,500 கட்டியிருக்க வேண்டும். அதன் சிறு வடிவமான யூஜியை ஒரு யூரோவில் தொடங்கலாம், ஆனால் மூலதனம் 25,000 சேரும்வரை ஆண்டு லாபத்தில் கால்பங்கை ஒதுக்க வேண்டும். இரண்டுக்கும் நோட்டரி உண்டு. ஜெர்மன் தெரியாதவருக்கு ஆவணத்தை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும், அந்தச் செலவு தனி. அங்கே உண்மையான ஈர்ப்பு, தொழில் தொடங்குவோருக்கு அரசு தரும் எக்ஸிஸ்ட் உதவித்தொகை. பட்டதாரிக்கு மாதம் 2,500 யூரோ, ஓராண்டுக்கு. குழுவின் பொருட்செலவுக்கு 30,000 வரை. விண்ணப்பிப்பது நீங்கள் அல்ல, பல்கலைக்கழகம். விண்ணப்பத்துக்கு முன்பே நிறுவனத்தைப் பதிந்துவிட்டால் தகுதி போய்விடும். மற்ற நாடுகளில் முந்திக்கொள்வது கெட்டிக்காரத்தனம், இங்கே அதுவே கதவடைப்பு.

கண்டுபிடிப்பு யாருக்கு?

பல்கலை ஆய்வகத்தின் கருவியிலோ நிதியிலோ உருவானதற்கு அமெரிக்கப் பல்கலைகள் பொதுவாக உரிமை கோரும். கூகுளுக்கு அடிப்படையான பேஜ்ரேங்க் காப்புரிமை ஸ்டான்ஃபோர்டின் பெயரில்தான் இருந்தது. ஜெர்மனியில் பல்கலையின் ஊழியராக இருந்தால் கண்டுபிடிப்பைப் பல்கலை எடுத்துக்கொள்ளலாம், வருவாயில் 30 சதவீதம் கண்டுபிடித்தவருக்கு. ஊழியரல்லாத மாணவரின் கண்டுபிடிப்பு மாணவருக்கே. ஆய்வு உதவியாளர் வேலையில் கையெழுத்திடுவதற்கு முன் இந்தக் கோட்டைப் பாருங்கள்: பகலில் ஆய்வகத்தில் ஒப்பந்தம், இரவில் அதே தலைப்பில் சொந்த நிரல் என்றால், எது எப்போது எழுதப்பட்டது என்று பின்னால் பிரிக்க முடியாது. தனிக் கணினி, நிரலுக்குத் தனிக் களஞ்சியம், தனி மின்னஞ்சல். பல்கலையின் மேகக்கணிமைச் சலுகையைக்கூடத் தொடாமல் இருப்பது உத்தமம். இந்த மூன்று நாடுகளுக்கு வெளியே ஓர் ஒப்பீடு: கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் படைத்தவருக்கே உரிமை என்பதுதான் பொது விதி. ஆனால் வெளி நிறுவனம் பணம் கொடுத்த ஆய்வு என்றால் அங்கும் ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறதோ அதுவே செல்லும்.