காலேஜ் ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேம், அட்லாண்டா: பாபி டாட்டைத் தேடிக்கொண்டு போங்கள்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் (நம்ம ஊர் கால்பந்து இல்லை, ஹெல்மெட் போட்டு ஆடும் அமெரிக்கன் ஃபுட்பால்) பேர் வாங்கியவர்களைக் கௌரவிக்கும் அருங்காட்சியகம் இது. அட்லாண்டா டவுன்டவுனில் சென்டெனியல் ஒலிம்பிக் பார்க்கை ஒட்டி இருக்கும் இந்த ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போகலாமா என்று கேட்டால், "ஃபுட்பால் தெரியாதவங்களுக்கு அங்க என்ன இருக்கு" என்றுதான் நம் ஆட்களில் பலரும் சொல்கிறார்கள். நான் தாராளமாகப் போகச் சொல்வேன். ஆனால் சும்மா சுற்றிப் பார்க்கப் போகாமல், ஒரே ஒரு மனிதரின் பெயரை மனதில் வைத்துக்கொண்டு போங்கள். என் சிபாரிசு, ஆட்டக்காரராகவும் கோச்சாகவும் பேர் வாங்கிய பாபி டாட்.

முதலில் இடத்தைப் பற்றி. முன்பு இந்தியானாவின் சவுத் பெண்டில் இருந்தது, 2014 ஆகஸ்டில் இங்கே திறந்தார்கள். உள்ளே நுழைந்ததும் ஒரு பாஸ் தருவார்கள், அதில் உங்களுக்குப் பிடித்த கல்லூரியைப் பதிவு செய்தால், 700க்கும் மேற்பட்ட ஹெல்மெட்கள் மாட்டிய பெரிய சுவரில் அந்தக் கல்லூரியின் ஹெல்மெட் மட்டும் பளிச்சென்று எரியும். சின்னப் பிள்ளைகளுக்கு இதுவே போதும். அப்புறம் 45 கெஜ நீளத்தில் ஓர் உள்ளரங்க மைதானம், பந்தை எறியலாம், உதைக்கலாம், ஓடலாம். குடும்பமாகப் போனால் பாதி நேரம் இங்கேயே போய்விடும், அதில் தப்பொன்றும் இல்லை.

எனக்கு முக்கியம் மேல்தளம்தான். ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டவர்களின் பெயர்கள் அங்கே இருக்கின்றன, திரையில் தேடிப் பார்க்கலாம். அங்கே போய் பாபி டாட்டைத் தேடுங்கள். ஆட்டக்காரராக 1959ல் ஒரு தடவை, தலைமைப் பயிற்சியாளராக 1993ல் இன்னொரு தடவை என்று இரண்டு முறை சேர்க்கப்பட்டவர். இப்படி இரண்டு வகையிலும் இடம்பிடித்தவர்கள் இவரோடு சேர்த்து நாலே பேர்தான்: அமோஸ் அலோன்சோ ஸ்டாக், போடன் வயட், டாட், ஸ்டீவ் ஸ்பரியர். ஆனால் ஆட்டக்காரராக இருந்ததற்கும் தலைமைப் பயிற்சியாளர் ஆனதற்கும் நடுவில் டாட்டின் வாழ்க்கையில் 14 வருடங்கள் இருக்கின்றன, அதற்கு இங்கே தனி மரியாதை கிடையாது. அந்த 14 வருடமும் அவர் இதே அட்லாண்டாவில் இருக்கும் ஜார்ஜியா டெக் கல்லூரியில் அசிஸ்டென்ட் கோச், அதாவது துணைப் பயிற்சியாளர்.

டென்னசி பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளர் ராபர்ட் நீலண்டிடம் ஆடிய குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து அணியின் தாக்குதலை நடத்துபவர்) அவர். 1928 முதல் 1930 வரை மூன்று சீசனில் அந்த அணி 27 ஆட்டங்களில் வென்று, இரண்டை டிரா செய்து, ஒன்றே ஒன்றில்தான் தோற்றது. அவர் ஜார்ஜியா டெக்குக்கு வந்தது எப்படி என்று ஒரு கதை சொல்வார்கள். அந்தக் காலத்தில் எதிரணியை வேவு பார்க்க ஒருவர் நேரில் போய் ஆட்டத்தைப் பார்த்தால்தான் உண்டு. டெக்கின் துணைப் பயிற்சியாளர் மேக் தார்ப் டென்னசிக்கும் வட கரோலினாவுக்கும் நடந்த ஆட்டத்தைப் பார்க்கக் கிளம்பினார், வழியில் கார் பழுதாகிவிட்டது, போய்ச் சேர்வதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. சரி, ஆடியவரிடமே கேட்போம் என்று டாட்டைப் பிடித்திருக்கிறார். வட கரோலினா எங்கே பலம், எங்கே பலவீனம் என்று அந்த மாணவர் சொன்ன விவரத்தைக் கேட்ட டெக்கின் தலைமைப் பயிற்சியாளர் வில்லியம் அலெக்சாண்டர், இந்தப் பையன் நமக்கு வேண்டும் என்று வேலையே கொடுத்துவிட்டாராம்.

1931ல் சேர்ந்தவர் 1944 வரை அலெக்சாண்டருக்குக் கீழேயே இருந்தார். பேர் வாங்கிய குவார்ட்டர்பேக், 14 சீசன் இன்னொருவருக்கு அடுத்த இடத்தில் நின்றிருக்கிறார், நடுவில் கல்லூரியின் பேஸ்பால் அணியையும் பார்த்துக்கொண்டார். 1945ல் தலைமைப் பொறுப்பு வந்தது. அதற்கப்புறம் 165 வெற்றிகள், 1952ல் ஆடிய 12 ஆட்டத்திலும் வெற்றி. பயிற்சியில் பையன்களைப் போட்டு நசுக்காதவர், படிப்பை விடக் கூடாது என்று நின்றவர். 1964ல் டெக், எஸ்இசி என்ற தென்கிழக்குக் கல்லூரிகளின் லீக்கை விட்டே வெளியேறியது. ஒரு கல்லூரி 140 ஆட்டக்காரர்களுக்குத்தான் ஸ்காலர்ஷிப் தரலாம் என்று லீக்கில் வரம்பு இருந்தபோது, சரியாக ஆடாத பையனைக் கழற்றிவிட்டு இடம் காலி செய்ய மாட்டேன் என்று டாட் பிடிவாதமாக இருந்ததுதான் லீக்கோடு வந்த சண்டைக்கு மூலம். எனக்கு அவருடைய வெற்றிக் கணக்கை விட இதுதான் பெரிது. பையன்களோடு பக்கத்தில் நின்று வேலை பார்த்த அந்த 14 வருடங்களில் வந்த குணம் இது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஹால் ஆஃப் ஃபேமின் விதிப்படி, கோச்சாக உள்ளே வர குறைந்தது 10 வருடமும் 100 ஆட்டமும் தலைமைப் பயிற்சியாளராக இருந்திருக்க வேண்டும், வெற்றி விகிதக் கணக்கும் உண்டு. துணைப் பயிற்சியாளராகவே காலம் முழுக்க உழைத்தவருக்கு வழியே இல்லை. இது எனக்கு ஒப்பவில்லை. ஸ்பரியரையே எடுத்துக்கொள்ளுங்கள், 1966ல் சிறந்த காலேஜ் ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கிய குவார்ட்டர்பேக், 1978ல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் அசிஸ்டென்ட், 1979ல் இதே ஊரில் ஜார்ஜியா டெக்கில் அசிஸ்டென்ட், அப்புறம் டியூக் பல்கலைக்கழகத்தில் அசிஸ்டென்டாக மூன்று வருடம். அந்த ஐந்து வருடம் இல்லாமல் பிந்தைய ஸ்பரியர் எங்கிருந்து வருவார்? ஒரு சின்ன அறையாவது இவர்களுக்கு ஒதுக்க வேண்டும், அவ்வளவு பெரிய கட்டடத்தில் இடத்துக்கா பஞ்சம்.

மற்றபடி குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஃபுட்பால் கொஞ்சம்கூடத் தெரியாதவர்கள் டவுன் (பந்தை முன்னே கொண்டுபோகக் கிடைக்கும் வாய்ப்பு) எத்தனை, டச்டவுன் என்றால் என்ன என்று மட்டும் முன்னாடியே பார்த்துக்கொண்டு போனால் இரண்டு மடங்கு ரசிக்கலாம். ஆட்டம் நடக்கும் சனிக்கிழமையில் கூட்டம் இருக்கும், நிதானமாகப் பார்க்க வார நாள்தான் நல்லது. நேரம் இருந்தால் நார்த் அவென்யூ ரயில் ஸ்டேஷனில் இறங்கி டாட் பெயரில் இருக்கும் ஜார்ஜியா டெக் ஸ்டேடியத்தையும் வெளியிலிருந்தாவது பார்த்துவிட்டு வாருங்கள், 1913லிருந்து ஆட்டம் நடக்கும் மைதானம் அது. முதலில் ஸ்டேடியம், அப்புறம் ஹால் ஆஃப் ஃபேம், இந்த வரிசையில் போவது நல்லது. ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருகிறேன், ஒன்றைக் குறைத்தது அந்த விதிக்காக.