எண் போட்ட 100 பிரதியா, முன்பதிவா, பதிப்பாளரா? ஹோம்ப்ரூ கார்ட்ரிட்ஜை விற்கும் வழிகள்

பழைய கன்சோலுக்கு ஆர்வலர் ஒருவர் தாமே புதிதாக எழுதிய விளையாட்டு (ஹோம்ப்ரூ) முடிந்துவிட்டது. நிரல் அடங்கிய ரோம் கோப்பு, கன்சோலைப் போல நடிக்கும் எமுலேட்டர் மென்பொருளில் ஓடுகிறது. இனி அதைக் கன்சோலில் செருகும் கார்ட்ரிட்ஜில் ஏற்றி, பெட்டியும் கையேடும் சேர்த்து, சேகரிப்பாளர்களிடம் விற்க வேண்டும். இதற்குப் புழக்கத்தில் உள்ள வழிகள் மூன்று. 50, 100 என்று எண்ணிக்கையை முன்கூட்டியே அறிவித்து, எண் போட்டு விற்று, தீர்ந்ததும் கடையை மூடுவது ஒன்று. மூன்று நான்கு வாரம் முன்பதிவைத் திறந்துவைத்து, வந்த ஆர்டர் அளவுக்கு மட்டும் தயாரிப்பது இன்னொன்று. பதிப்பாளர் கையில் கொடுத்துவிட்டு ராயல்டி வாங்கிக்கொள்வது மூன்றாவது.

எங்கள் கட்சி இதுதான்: பெட்டிக்கு வரம்பு வைக்கலாம், விளையாட்டுக்கு வைக்கக் கூடாது. மூன்று வழிகளையும் அந்தக் கண்ணோடுதான் எடைபோடுகிறோம்.

உதாரணத்துக்கு நின்டென்டோவின் என்இஎஸ் கன்சோலை எடுத்துக்கொள்வோம். நம்மூரில் தொண்ணூறுகளில் 'டிவி கேம்' என்று விற்றவை பெரும்பாலும் 60 பின் (தொடுமுனை) கொண்ட ஃபேமிகாமின், அதாவது என்இஎஸ்ஸின் ஜப்பானிய வடிவத்தின், நகல்கள். அமெரிக்க, ஐரோப்பியச் சேகரிப்பாளர்கள் கேட்பது 72 பின் என்இஎஸ் கார்ட்ரிட்ஜ். உள்ளே இருக்கும் நிரல் ஒன்றாக இருந்தாலும் பிசிபி (சுற்றுப்பலகை) வேறு, பிளாஸ்டிக் ஓடு வேறு.

காசுக் கணக்கு

கீழே உள்ள தொகைகள் கணக்குப் புரிவதற்காக வைத்துக்கொண்டவை. சிப், பிசிபி, ஓடு, லேபிள், பெட்டி, கையேடு எல்லாம் சேர்த்து 100 பிரதிக்கு அடக்கவிலை ஒன்றுக்கு 24 டாலர், விற்பனை விலை 60 டாலர் என்று கொள்வோம். வரவு 6,000. மாற்றிக்கொடுக்க வைக்கும் 5 உபரியையும் சேர்த்து அடக்கம் 2,520. பணப் பரிமாற்றக் கட்டணம் 4 சதவீதம் என்றால் 240. மிச்சம் 3,240 டாலர்.

முன்பதிவில் 260 பேர் 55 டாலருக்கு வாங்கினால் வரவு 14,300. அச்சு எண்ணிக்கை கூடுவதால் அடக்கம் 20 டாலராக இறங்கும்; உபரியோடு 270 பிரதிக்கு 5,400. கட்டணம் 572. மிச்சம் 8,328.

பதிப்பாளர் பிரதிக்கு 8 டாலர் கொடுத்து 400 விற்றால் 3,200.

முதலாவதும் மூன்றாவதும் ஏறக்குறைய ஒரே தொகையில் வந்து நிற்பதைக் கவனியுங்கள். வித்தியாசம் உழைப்பில் இருக்கிறது. சிப்பில் நிரல் ஏற்றி, பற்றவைத்து, சோதித்து, லேபிள் ஒட்டி, பொதி கட்ட ஒரு பிரதிக்கு 25 நிமிடம் என்றால் 100 பிரதிக்கு சுமார் 42 மணி நேரம், 260க்கு 108 மணி நேரம். இந்த நேரத்தைக் கணக்கில் எடுக்காமல் விலை வைப்பவர்கள்தான் இரண்டாவது விளையாட்டோடு களைத்து ஒதுங்கிவிடுகிறார்கள்.

எண் போட்ட மூடிய பதிப்பு

இதன் பலம் பயம் குறைவு என்பது. முதலீடு தெரியும், வேலை தெரியும், எப்போது முடியும் என்பதும் தெரியும். பொருளை முழுவதும் தயாரித்து அலமாரியில் அடுக்கிவிட்டு விற்பனையைத் திறக்கலாம். பணம் வந்த மறுநாளே அனுப்பலாம். தாமதப் புகார் என்ற பேச்சே இல்லை.

பலவீனம் யார் வாங்குகிறார் என்பதில். 100 பிரதியை 3,000 பேர் பின்தொடரும் இடத்தில் அறிவித்தால் சில நிமிடத்தில் தீரும். அன்று மாலையே அதில் ஒரு பகுதி ஈபேயில் இரண்டு மூன்று மடங்கு விலையில் ஏறும். அந்தக் கூடுதல் பணத்தில் எழுதியவருக்கு ஒரு காசு வராது. விளையாட நினைத்தவர் கைக்குப் பிரதி போகாது. முகவரிக்கு ஒன்று என்ற விதி ஓரளவு தடுக்கும். அதைவிட உதவுவது, வெவ்வேறு நேர மண்டலத்துக்காக 40, 40, 20 என்று மூன்று நேரத்தில் திறப்பது.

எண் போடுவதிலும் சூட்சுமம் உண்டு. பெயின்ட் மார்க்கரால் லேபிள்மேல் எழுதினால், கார்ட்ரிட்ஜைப் பிடித்து உருவும் இடத்திலேயே எண் தேயும். எண்ணை லேபிளோடு அச்சிட்டு அதன்மேல் லேமினேஷன் போடுவதே சரி. பெட்டியின் வெளிப்புறத்திலும் அதே எண் இருக்க வேண்டும். பெட்டியை இறுக்கி மூடும் பிளாஸ்டிக் சுருக்கு உறையைப் பிரிக்காத சேகரிப்பாளர் உள்ளே இருப்பதை எப்படிப் பார்ப்பார்? 17ஆம் எண் பழுதாகித் திரும்பினால் என்ன செய்வது என்பதையும் முன்பே முடிவுசெய்யுங்கள். பழைய லேபிளைக் குறுக்கே வெட்டிய படத்தை வாங்கிக்கொண்டு, எண் போடாத உபரியில் மீண்டும் 17 அச்சிட்டு அனுப்புவது வழக்கம். ஒரே எண்ணில் இரண்டு பிரதி சந்தைக்கு வந்தது தெரிந்தால், மீதி 99 பேரும் விலை சரிந்ததாகவே நினைப்பார்கள்.

முன்பதிவு

எவ்வளவு பேர் வாங்குவார்கள் என்று ஊகிக்க வேண்டியதில்லை. வேண்டியவர் அனைவருக்கும் கிடைக்கும். மறுவிற்பனைக்காரருக்கு லாபம் குறைவு. ஆனால் ஆபத்து முழுவதும் நேரத்தில் இருக்கிறது. சேகாவின் மெகா டிரைவ் கன்சோலுக்கு 2012இல் அறிவித்த பாப்ரியம் என்ற விளையாட்டு, 2020 டிசம்பரில்தான் வாங்கியவர் கைக்கு வரத் தொடங்கியது. அந்தக் காத்திருப்பு ஹோம்ப்ரூ வட்டாரத்தில் இன்றும் பேச்சு. முன்பதிவு என்றாலே ஒரு கண் சுருங்கும் சேகரிப்பாளர்களுக்குக் காரணம் இருக்கிறது.

பேபாலில் வாங்கியவர் 180 நாள் வரை புகார் எழுப்பலாம். தயாரிப்பு இழுக்கிறது என்று தெரிந்ததும் புகார்கள் கூட்டமாக வரும், கணக்கில் உள்ள பணத்தை நிறுத்திவைக்கவும் வாய்ப்புண்டு. அந்தப் பணத்தில்தான் சிப் வாங்க வேண்டும் என்றிருந்தால் எல்லாம் அங்கேயே நிற்கும். அமெரிக்காவிலிருந்து விற்பவருக்கு இன்னொரு கட்டு: சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், பொருளை அனுப்ப வேண்டும், முடியாவிட்டால் தெரிவித்து, சம்மதமோ பணம் திருப்பலோ கொடுக்க வேண்டும் என்கிறது அங்குள்ள கூட்டாட்சி விதி. கூட்டுநிதி திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் வழியாகப் போனால் தளத்துக்கு 5 சதவீதம், பணப் பரிமாற்றத்துக்குத் தனி.

ஆகவே முன்பதிவைத் திறக்கும் நாளில் மூன்று விஷயம் கையில் இருக்க வேண்டும்: மாற்றம் நின்றுபோன ரோம், உண்மைக் கன்சோலில் ஓடும் மாதிரி கார்ட்ரிட்ஜ், குறைந்தது 150 பிரதிக்குச் சிப். 2020 முதல் 2022 வரை சிப் தட்டுப்பாட்டில் முன்பதிவு வாங்கிவிட்டுத் தவித்தவர்கள் கற்ற பாடம் அந்த மூன்றாவது.

இரண்டுக்கும் பொதுவான தலைவலி: தயாரிப்பு

பிசிபியின் விளிம்பு சாய்வாகச் சீவப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை செருகும்போதும் கன்சோலின் பின்கள் சுரண்டப்படும். தொடுபரப்பு தங்கமுலாமாக இருக்க வேண்டும். ஈயப்பூச்சு சமமாக இராது, சீக்கிரம் தேயும். ஆர்டர் படிவத்தில் இரண்டும் தனித்தனியாகக் குறிக்க வேண்டியவை, விட்டுப்போனால் தொழிற்சாலை கேட்காது. பற்றவைக்கும்போது விரல்போன்ற தொடுபரப்பை வெப்பம் தாங்கும் காப்டன் டேப்பால் மூடிவிடுங்கள்.

என்இஎஸ் 5 வோல்ட்டில் இயங்குகிறது. மலிவாகக் கிடைக்கும் 3.3 வோல்ட் ஃபிளாஷ் சிப்பை மின்னழுத்த மாற்றி இல்லாமல் நேரடியாக இணைத்தாலும் விளையாட்டு ஓடும். அதுதான் பிரச்சினை, ஓடுவதால் யாரும் சந்தேகிப்பதில்லை. சிப்பும் கன்சோலின் சுற்றும் தாங்கவேண்டாத சுமையைத் தாங்கிக்கொண்டிருக்கும். இந்த விவரம் தெரிந்த சேகரிப்பாளர் முதலில் ஓட்டைக் கழற்றிப் பிசிபியைத்தான் பார்ப்பார். எஸ்எஸ்டி39எஸ்எஃப்040 போன்ற 5 வோல்ட் சிப் 512 கிலோபைட் கொள்ளும். அன்ரோம்-512 என்ற வகைப் பிசிபிகள் அதை நம்பியே கட்டப்படுகின்றன, சேமிப்பையும் அதிலேயே எழுதலாம். பேட்டரி தேவைப்படாது. பேட்டரி இல்லாவிட்டால் லித்தியத்தைத் தயங்கி ஏற்கும் அஞ்சல்களிலும் தொல்லை இல்லை.

அடுத்தது சிஐசி என்ற பூட்டுச் சிப். முன்பக்கம் செருகும் பழைய என்இஎஸ், கார்ட்ரிட்ஜில் இருக்கும் சிஐசியோடு பேசிப் பார்த்துத்தான் ஓடவிடும். பேச்சு தடுமாறினால் சிவப்பு விளக்கு நொடிக்கு ஒருமுறை மினுக்கியபடி கன்சோல் மறுதொடக்கம் ஆகிக்கொண்டே இருக்கும். பின்னால் வந்த, மேல்பக்கம் செருகும் மாதிரியில் இந்தச் சோதனையே கிடையாது. அதில் மட்டும் சோதித்துவிட்டு 100 பிரதி அனுப்பினால், பழுதான சிஐசி வாங்கியவர் வீட்டில்தான் தெரியவரும். ஐரோப்பாவின் பிஏஎல் தொலைக்காட்சி முறைக்கான கன்சோலுக்குச் சிஐசி வேறு, வேகமும் குறைவு, நொடிக்கு 50 படச் சட்டகம். இசை வேகத்தைத் திருத்தாமல் விட்டால் பாட்டு இழுக்கும். ரெட்ரான் 5 போன்ற கருவிகள் கார்ட்ரிட்ஜின் ரோமைப் படித்து எமுலேட்டரில் ஓட்டுபவை. அவற்றுக்குத் தெரியாத மேப்பர் (கார்ட்ரிட்ஜின் நினைவகத்தைப் பகுதி பகுதியாக மாற்றித் தரும் சுற்று) என்றால் ஓடாது. இதை விற்பனைப் பக்கத்திலேயே எழுதிவிட்டால் பாதித் திரும்பல் குறையும்.

ஒவ்வொரு பிரதியையும் ஐந்து முறை அணைத்துப் போட்டு, பத்து நிமிடம் ஓடவிட்டு, சேமித்துவிட்டு மறுநாள் சேமிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது குறைந்தபட்சம்.

காகித வேலையில் இரண்டு சொல்: கையேட்டின் பக்கங்கள் நான்கின் மடங்காக வர வேண்டும், பெட்டியை 10 சதவீதம் கூடுதலாக அச்சிட வேண்டும். மூலை நசுங்கிய பெட்டியைச் சேகரிப்பாளர் ஏற்கமாட்டார், கார்ட்ரிட்ஜ் பத்தரைமாற்றுத் தங்கமாக இருந்தாலும். சுருக்கு உறையை அதிகச் சூட்டில் இறுக்கினால் பெட்டி வளையும். பழைய விளையாட்டுகளின் கார்ட்ரிட்ஜை உடைத்து ஓடு எடுக்கும் பழக்கத்தை வட்டாரம் இப்போது விரும்புவதில்லை. புதிதாக வார்த்த ஓடுகள் தாராளமாகக் கிடைக்கின்றன.

பெட்டியில் நின்டென்டோவின் தர முத்திரை, சேகாவின் இலச்சினை எதையும் போடாதீர்கள். கன்சோல் கேட்பதற்காக நிரலுக்குள் இருக்க வேண்டியவை வேறு விஷயம். நின்டென்டோவின் கேம் பாய் தொடங்கும்போது 48 பைட் இலச்சினைத் தரவைச் சரிபார்க்கும், அது இல்லாமல் ஓடாது. மெகா டிரைவின் இத்தகைய சோதனையைத்தான் அக்கலேட் நிறுவனம் தாண்டியது. சேகா தொடுத்த வழக்கில் 1992இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சேகாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

பதிப்பாளர்

பற்றவைக்கத் தெரியாதவருக்கு, அல்லது நேரம் இல்லாதவருக்கு. ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை நாலே நாலு: உரிமை எத்தனை ஆண்டு, ரோமைத் தனியே விற்கும் உரிமை யாரிடம், இரண்டாம் அச்சு யார் முடிவு, விற்பனைக் கணக்கு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை. 'நிரந்தர உரிமை' என்று இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

ரோம் விற்றால் கார்ட்ரிட்ஜ் விலை போகுமா?

போகும். 2019இல் வந்த மைக்ரோ மேஜஸ் 40 கிலோபைட்டில் அடங்கிய என்இஎஸ் விளையாட்டு; கார்ட்ரிட்ஜாகவும் வந்தது, கணினியிலும் விற்றது. 2017இல் வந்த டோபு டோபு கேர்ள் என்ற கேம் பாய் விளையாட்டின் ரோம் இலவசம், மூலநிரலும் திறந்தது. அதற்கும் பெட்டியோடு கார்ட்ரிட்ஜ் வந்தது. பெட்டி வாங்குபவர் வேறு பொருளை வாங்குகிறார். ரோம் வெளியே இருந்தால் பிழைகளும் முன்கூட்டியே பிடிபடும். எண் போட்ட 100 பிரதியும் போய்ச் சேர்ந்தபின் நான்காம் கட்டத்தில் விளையாட்டு உறைகிறது என்று தெரிவதைவிட அது எவ்வளவோ மேல். விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் இட்ச் தளத்தில் தளத்தின் பங்கை விற்பவரே நிர்ணயிக்கலாம், மாற்றாமல் விட்டால் 10 சதவீதம்.

அனுப்புதல்

குமிழ் உறையில் பெட்டியை அனுப்பவே கூடாது. பெட்டிக்குள் பெட்டி, நான்கு பக்கமும் இரண்டு விரல் இடைவெளி. அமெரிக்க அஞ்சலின் மலிவான மீடியா மெயிலில் வீடியோ கேம் சேராது. வெளிநாட்டிலிருந்து அமெரிக்காவுக்கு 800 டாலர் வரை இருந்த சுங்க விலக்கு 2025 ஆகஸ்ட் 29இல் நின்றது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு 2021 ஜூலை முதல் எந்தத் தொகைக்கும் வாட் (மதிப்புக் கூட்டு வரி) உண்டு. 150 யூரோ வரை ஐஓஎஸ்எஸ் என்ற ஒன்றியத்தின் வரிப் பதிவு முறை வழியாக விற்கும்போதே வசூலிக்கலாம். 2024 டிசம்பர் 13 முதல் அங்கு பொறுப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும் என்ற பொருள் பாதுகாப்பு விதியும் சேர்ந்துள்ளது. வெளியிலிருந்து விற்பவர் ஐரோப்பிய ஆர்டர்களை அங்குள்ள ஒரு விற்பனையாளருக்கு மொத்தமாக அனுப்பிவிடுவது எளிது.

முதல் விளையாட்டு, 40 கிலோபைட்டுக்குள் அடங்குவது, பற்றவைக்கும் கை பழகவில்லை என்றால் 50 பிரதி மூடிய பதிப்பே போதும். இரண்டாவது விளையாட்டு முதல் நான்கு வார முன்பதிவு. அதில் முதல் 60 பேருக்கு மட்டும் நிற ஓடு, எண், தடித்த கையேடு, 15 டாலர் கூடுதல். முன்பதிவு முடிந்தபின் சாம்பல் ஓட்டில், எண் இல்லாமல், 25 ஆர்டர் சேரும்போதெல்லாம் ஒரு தொகுதி. இது முதல் நாளே விற்பனைப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். 'இனி அச்சிடமாட்டோம்' என்று விற்றுவிட்டு ஆறு மாதம் கழித்து மறுபதிப்பு போட்டவரிடம் அந்த 60 பேரும் மறுபடி வாங்கமாட்டார்கள்.