பெங்களூர்ல "10 கோழி கூண்டு"ன்னு விக்கிறாங்க, அளந்து பாக்காம பணம் கட்டாதீங்க

வீட்ல கோழி வளர்க்க ரெடிமேட் கூண்டு தேடுறவங்க அட்வான்ஸ் போடுறதுக்கு முன்னாடி இத படிச்சிருங்க. எங்க வீடு ஹொரமாவு பக்கம், 30க்கு 40 அடி சைட்டு, பின்பக்கம் கொஞ்சம் இடம் இருக்கு. ஆன்லைன்ல விளம்பரம் பாத்து போன் பண்ணா அந்தாளு நல்லா தமிழ்லயே பேசுனாரு, "10 கோழி தாராளமா நிக்கும் சார், நீங்க 8 தானே விடப்போறீங்க"ன்னு சொல்லி கூண்டையும் கிரிராஜாங்கற ரகத்துல 8 பெட்டைக் கோழியையும் சேத்து 18,500 ரூபாய்க்கு தள்ளிவிட்டுட்டாரு.

கொஞ்ச நாள்லயே ஒண்ண ஒண்ணு கொத்த ஆரம்பிச்சிருச்சு. ஒரு கோழிக்கு வால் அடியில எறகெல்லாம் போயி தோல் கிழிஞ்சு ரத்தம், அந்த செவப்ப பாத்ததும் மத்ததெல்லாம் அதே எடத்துலயே கொத்துது, பாவம் அது முட்டைப் பெட்டிக்குள்ள தலைய விட்டுக்கிட்டு வெளியவே வரல. காலைல கதவத் தெறந்தா அமோனியா நெடி கண்ணு எரியுது. கீழ கோழி நடமாடுற வலை அடைப்புக்கு கூரையே இல்ல, மழை பேஞ்சா எச்சமும் சேறும் ஒண்ணாயிரும்.

அப்புறம் டேப் எடுத்து அளந்தேன். ராத்திரி அடையுற மேல் அறை உள்ளளவு 3 அடிக்கு 2.5 அடி, அதாவது 7.5 சதுர அடி. கீழ வலை அடிச்ச அடைப்பு 6க்கு 3, 18 சதுர அடி. நல்ல வளர்ந்த கோழிக்கு அறைக்குள்ள ஆளுக்கு 4 சதுர அடியாவது வேணும், வெளிய நடமாட 8லருந்து 10 வரைக்கும் வேணும், அப்ப இது மிஞ்சிப்போனா ரெண்டு கோழி கூண்டுங்க! அவங்க மேல, கீழ, முட்டைப் பெட்டி, ஏணி நிக்கிற எடம் எல்லாத்தையும் கூட்டி கணக்கு காட்டுறாங்க. முட்டைப் பெட்டில கோழி முட்டை போடத்தான் போகும், அது குடியிருக்குற எடம் இல்லயே. ராத்திரி உக்கார்ற கட்டையும் மொத்தமே 3 அடிதான், ஒரு கோழிக்கு 8 இன்ச்சாவது வேணும், மிச்சதெல்லாம் எச்சத்து மேலயே படுத்து கெடந்துச்சு. கிரிராஜா நம்ம ஹெப்பாள் வேளாண் பல்கலைக்கழகத்துல உருவாக்குன ரகம், சிறுவிடைன்னு சொல்ற சின்ன நாட்டுக்கோழி மாதிரி இல்ல, உடம்பு நல்லா கனமா வரும், அத விக்கிற ஆளுக்கு இது தெரியாம இருக்காது.

வலையும் மெல்லிசு அறுகோண சிக்கன் மெஷ்தான். அது கோழி வெளிய போகாம தடுக்கும், பெருச்சாளியும் பூனையும் உள்ள வர்றத தடுக்காது, எங்க கூண்டுல ஒரு மூலைய ஏற்கனவே கடிச்சு பிச்சிருச்சு. அரை இன்ச் ஓட்டை இருக்குற ஜிஐ வெல்ட் மெஷ், அதாவது துத்தநாகம் பூசுன கம்பிய பத்த வச்சு செஞ்ச கெட்டி வலைதான் கேக்கணும்.

போன் பண்ணி சொன்னா, "அலகு நுனிய வெட்டி விட்ருங்க சார், சரியாயிரும்"னாரு. எனக்கு அப்படி கோவம் வந்துச்சு. எடம் பத்தாம அடிச்சுக்கிற வாயில்லா ஜீவனோட மூக்க வெட்டணுமாம். பணத்த திருப்பிக் குடுங்கன்னதும் நம்பர பிளாக் பண்ணிட்டாரு.

நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915ல புகார் குடுத்திருக்கேன். ஆறு கோழிய ஹோசூர்ல தோட்டம் வச்சிருக்குற மச்சான் வீட்டுக்கு அனுப்பிட்டேன், அடிபட்டதும் அதுக்கு ஜோடியா ஒண்ணும்தான் இங்க இருக்கு, புண் ஆறிட்டு வருது. இதே மாடல், பச்சை தகரக் கூரை, முன்னாடி சாய்வு ஏணி, யாராவது வாங்கியிருந்தா உள்ளளவு அளந்து பில்லோட போட்டோ எடுத்து வைங்க, எனக்கு மெசேஜ் பண்ணுங்க, சேந்தே புகார் குடுப்போம்.