திருச்சி ஸ்பீச் தெரபி மையம்: பேச்சு வரும் என்று சத்தியம் செய்யாத இடம்

காது கேட்காத மகளுக்கு இரண்டு வயதில் காக்ளியர் இம்ப்ளான்ட் (ஒலியை மின்துடிப்பாக்கிச் செவிநரம்புக்கு அனுப்பும் கருவி) வைத்தோம். ஆபரேஷன் முடிந்து, பயிற்சிக்கு எங்கே போவது என்று தேடும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் விசாரித்த வேறொரு மையத்தில், "ஆறே மாசத்துல கடகடன்னு பேசிடுவா" என்றார்கள். இங்கே அப்படி ஒரு பேச்சே இல்லை. கேள்விகள்தான். குறையை எந்த வயதில் கண்டுபிடித்தீர்கள்? ஆபரேஷனுக்கு முன்னால் ஹியரிங் எய்ட் போட்டாளா? எம்.ஆர்.ஐ.யில் செவிநரம்பு எப்படி இருந்தது? கடைசியாக, "பகல்ல குழந்தையோட யார் இருப்பாங்க?" என் மாமியார் என்றதும், "அப்போ அவங்களையும் கூட்டிட்டு வாங்க" என்றார் தெரபிஸ்ட். பேச்சு எவ்வளவு வரும் என்பது இவ்வளவையும் பொறுத்தது, கருவியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது என்று விளக்கினார். சின்ன வயதிலேயே ஒலி மூளைக்குப் போய்ச் சேர வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில்கூட இந்த ஆபரேஷனுக்கு 6 வயது வரம்பு இருக்கிறது.

வகுப்பு 45 நிமிடம். ஆ, ஈ, ஊ, ம், ஸ், ஷ் என்ற ஆறு ஒலிகளோடு ஆரம்பிக்கிறார்கள். தெரபிஸ்ட் எதிரே உட்காராமல், கருவி இருக்கும் காதுப் பக்கமாக உட்கார்ந்து சொல்கிறார். உதட்டைப் பார்த்து ஊகிக்கக் கூடாதாம். ஒலி கேட்டால் மகள் ஒரு வளையத்தைக் குச்சியில் போட வேண்டும். 'ஸ்' மட்டும் ரொம்ப நாள் போக்குக் காட்டியது. அதை எழுதிக்கொடுத்து ஆடியாலஜிஸ்டிடம் (செவித்திறன் நிபுணர்) மேப்பிங்குக்கு, அதாவது கருவியின் அளவுகளைக் குழந்தைக்கு ஏற்றபடி கம்ப்யூட்டரில் சரிசெய்ய அனுப்பினார்கள். அதற்கு அப்புறம்தான் 'ஸ்'ஸுக்கு வளையம் விழுந்தது.

கருவியை தினமும் எத்தனை மணி நேரம் போட்டிருந்தாள் என்பதும் மேப்பிங்கின்போது கம்ப்யூட்டரில் தெரிந்துவிடும். "வியர்க்குதுன்னு கழட்டிட்டோம்" என்ற சாக்கெல்லாம் இங்கே எடுபடாது. தெரபிஸ்ட் கறார்தான். மாமியார் முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். இப்போது கீரை ஆயும்போதுகூட பேத்தியிடம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே ஆய்கிறார்.

குறைகளும் உண்டு. இரண்டாம் மாடி, லிஃப்ட் கிடையாது. கரண்ட் போனால் கீழ்க்கடை ஜெனரேட்டர் சத்தத்தில் வகுப்பு வீண். மாற்று வகுப்பை நாமே கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. வகுப்புக்கு 500 ரூபாய். சனிக்கிழமை கூட்டம் தாங்காது, வார நாளில் காலை நேரமாகக் கேளுங்கள்.